மேற்கு ஜன்னலும் நீல விளக்கும்

என் வீட்டுக்காரர் கப்பலில் என்ஜின் பார்க்கிறவர். கல்யாணம் ஆன நாள் முதல் விருந்தாளி மாதிரி வருவார், போவார். போன லீவில் வந்தவர் ஹாலில் மேற்கு ஜன்னலை ஒட்டி ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்தார். கடல்தண்ணீர் நிரப்பி, பாறை அடுக்கி, ஒரு கோமாளி மீனையும் ஒரு கடல் சாமந்தியையும் விட்டார். கடல் சாமந்தி என்பது பூ இல்லை, பிராணி. விரல் விரலாக விரிந்து ஆடிக்கொண்டிருக்கும். மீன் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் ஊருக்கு எதிரே கடலில் இருக்கிற தீவுப் பக்கம் ஒரு பவளக்கல்லைத் தொட்டாலும் வனத்துறை வந்து நிற்கும் என்பதால், எல்லாமே வெளியூர்க் கடையில் பில்லோடு வாங்கியது.

கிளம்புகிற அன்று பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"ஏளா, நான் திரும்பி வாரப்ப இது உயிரோட இருந்துச்சுன்னா, பெறவு கப்பலுக்கே போக மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமாத்தான் சொல்லுதேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையை அப்படியே பிடித்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

அவர் போய்ச் சில மாதத்தில் தொட்டி விளக்கு செத்துப்போனது. எங்கள் ஊர் உப்புக்காற்று கேட்டின் கீலையே தின்றுவிடும், விளக்கை விட்டுவைக்குமா? போனில் சொன்னேன். "சரி விடு, பிழைச்சா பிழைக்கட்டும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! இவருக்கென்ன, இது செத்தால் அடுத்த கப்பல் தயார். பட்டென்று போனை வைத்துவிட்டேன்.

நான் உப்பளத்து வீட்டுப் பெண். எங்கள் அளத்தை இன்றைக்கும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சூரியனை விடப் பெரிய விளக்கை எந்தக் கடையில் விற்கிறான் என்று நினைத்து, ஜன்னல் திரையைக் கழற்றி, தொட்டியின் மூடியையும் எடுத்துவிட்டேன். மத்தியான வெயில் நேராகத் தண்ணீரில் விழுந்தது. பார்க்கவே ஜோராக இருந்தது.

தண்ணீர் மளமளவென்று குறைந்தது. உப்புப் பாத்தியில் தண்ணீர் வற்றினால் நாங்கள் என்ன செய்வோம்? மறுபடியும் உப்புத்தண்ணீரைத் திறந்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போய் கேனில் இருந்த கடல்தண்ணீரை எடுத்து ஊற்றியது. குறையக் குறைய ஊற்றினேன். கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி பிடித்தது. கடல் சாமந்தி வெளுத்து, சுருங்கி, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஆகிப் பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டது. மீன் படுக்க இடமில்லாமல் மூலைக்கு மூலை அலைந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகைதான் வந்தது.

பிறகு ஏதோ தோன்றி, பாத்தித் தண்ணீரில் உப்பின் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாயை எடுத்து வந்து தொட்டிக்குள் மிதக்கவிட்டேன். கடல்தண்ணீரில் நிற்கிற கோட்டைத் தாண்டி மேலே வந்து நின்றது. வெயிலில் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயேதான் கிடக்கும். இதை எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? அடிப்பாவி, ஹாலுக்குள்ளேயே உப்பு விளைவிக்கப் பார்த்தாயே என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டு சிரித்தேன்.

திரையைத் திரும்ப மாட்டி, மூடியைப் போட்டு, நல்ல தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து உப்பை இறக்கினேன். பிறகு விளக்கு தேடிக் கிளம்பினேன்.

எலக்ட்ரிக் கடை அண்ணாச்சி ஒரு பெரிய ஃப்ளட் லைட்டைத் தூக்கி மேஜையில் வைத்தார். "இத மாட்டுங்கம்மா. ராத்திரில கப்பல்ல லோடு எறக்குததே இந்த வெளிச்சத்துலதான்."

"அண்ணாச்சி, நான் லோடு எறக்கப் போகல. ஒரு சின்ன உசுரக் காப்பாத்தணும்" என்றேன்.

வளர்ப்பு மீன் விற்கிற கடைக்காரர் இளஞ்சிவப்பாக எரியும் விளக்கைக் காட்டினார். நல்ல தண்ணீர்த் தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் வாங்குவதாம். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய நினைவு ஒன்று வந்தது. கல்யாணமான புதிதில் இவர் என்னைப் படகில் தீவுப் பக்கம் கூட்டிப்போனார். விளையாட்டுக்கு ஒரு சிவப்பு வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். ஆழம் போகப் போக அந்தச் சிவப்பு கறுத்தே போனது. சுற்றிலும் நீலம் மட்டும்தான் மிச்சம். அங்கே பிறந்து வளர்கிற பிராணிக்கு இளஞ்சிவப்பு எதற்கு?

"நீலம் இருக்கா?" என்றேன்.

"பவளத்தொட்டிக்குப் போடுறது இருக்கு. வரவழைக்கணும். நீலம் தனியா, வெள்ளை தனியா கூட்டிக் கொறைக்கலாம். ஆனா எடுத்ததும் முழுசா வச்சிராதீங்க. நோஞ்சானா இருக்கதுக்குத் தாங்காது. வாரம் கொஞ்சமா ஏத்துங்க."

விளக்கு வந்தது. நீலத்தைக் குறைவாகவும் வெள்ளையைப் பேருக்கும் வைத்தேன். முழுதாகத் திருகிவிடக் கை பரபரத்தது. பட்டினி கிடந்தவனுக்கு யாராவது முதல் வாயே பிரியாணி ஊட்டுவார்களா என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். ஒரு நாள் காலை காப்பி டம்ளரோடு வந்து பார்த்தால், விரல்கள் அத்தனையும் விரிந்து, பழைய பழுப்பு நிறம் ஏறி, நடுவில் மீன் சொகுசாகப் படுத்திருக்கிறது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா கரண்டியோடு ஓடி வந்துவிட்டாள்.

அவர் வருகிற சமயத்தில் விளக்கு பாதி அளவுக்கு வந்திருந்தது. அதற்கு மேலும் ஏற்றியிருக்கலாம். நான்தான் வேண்டுமென்றே நிறுத்தி வைத்தேன்.

வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றார். "ஏளா, இருக்கே!"

"இருக்கும்லா. நீங்க செஞ்ச சத்தியம்?"

"அது... சும்மா வெளாட்டுக்குச் சொன்னது." சொல்லிக்கொண்டே விளக்கின் திருகில் கை வைத்தார். "இதென்ன, பாதியில நிக்கு?"

நான் அவர் கையில் பட்டென்று ஒரு அடி வைத்தேன். "வாரம் கொஞ்சந்தான் ஏத்தணும். மீதிய நீங்களே ஏத்துங்க."

"முழுசா ஏத்துததுக்குள்ள என் லீவு முடிஞ்சிருமே?"

"முடியட்டுமே!"

அவர் குனிந்து ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

லீவு முடிகிற நேரத்தில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நான் அடுக்களையில் மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். அடுப்பைக் குறைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

"இல்ல சார், வர முடியாது. இந்தத் தடவ மட்டுமில்ல, இனிமேயே இல்ல. வீட்டுல ஒரு வேல பாதியில கெடக்கு."

குழம்புக்கு ஏற்கெனவே உப்புப் போட்டிருந்தேன் போலிருக்கிறது. மறந்துபோய் இன்னொரு கை அள்ளிப் போட்டுவிட்டேன். அவர் அதையும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.