நான் கூப்பிடாத சத்தம்

தண்ணி நெஞ்சுக்கு ஏறினவுடனை எனக்கு மூச்சு அடைச்சுப் போச்சு. வாய் ஆவெண்டு திறந்து நிக்குது, சத்தம் இல்லை. சகோதரங்களே, என்னைத் தெரிஞ்ச உங்களுக்கு இது சிரிப்பாயும் இருக்கும். எங்கட சபையில ஆருக்குப் பெரிய தொண்டை எண்டு கேட்டால் சின்னப்பிள்ளையும் என்னைத்தான் காட்டும். அப்பிடிப்பட்ட நான், போன ஏப்ரலில கனோ வள்ளம் கவிழ்ந்து குளிர்த் தண்ணிக்குள்ள கிடக்கேக்க, கர்த்தரின்ர பேரைக்கூடச் சொல்லேலாமல் கிடந்தன். செத்தன் எண்டுதான் நினைச்சன்.

ஏன் அங்கை போனனான் எண்டு சொல்லவேணும். இஞ்ச டென்மார்க்கில, ஸ்கீவ ஊரில நாங்கள் இருக்கிறது மாடிவீடு. விடிய நான் ஜெபிக்கிற சத்தம் தாங்கேலாமல் மேல்வீட்டுக்காரன் வந்து கதவைத் தட்டினான். என்ர மனிசியும் அவன்ர பக்கம். "கர்த்தருக்குக் காது கேக்கும்தானேயப்பா, ஏன் கத்துறியள்?" எண்டா. எனக்கு ரோசம் வந்திட்டுது. மகள் மெர்சி ஓகூஸ் நகரத்துக்குப் படிக்கப் போகேக்க தன்ர கனோவையும் நாய் பாம்ஸவையும் எங்களிட்டை விட்டிட்டுப் போனவள். சரி, ஃபியோட் எண்ட கடலேரித் தண்ணிக்கு நடுவில போய்க் கத்துவம், அங்கை ஆர் வந்து கதவைத் தட்டுறது எண்டு சனிக்கிழமைகளில நாயையும் ஏத்திக்கொண்டு வெளிக்கிட்டிட்டன்.

மெர்சி ஃபோனில டெனிஷில பொரிஞ்சு தள்ளினாள். வெயிலைப் பார்த்து ஏமாறாதேங்கோ, தண்ணி இன்னும் ஐஸ் மாதிரித்தான். நாயை வள்ளத்தில கட்டாதேங்கோ, கவிழ்ந்தால் அதுவும் சேர்ந்து தாழும். இரண்டு பேரும் மிதவை அங்கி போடவேணும். கால் நிலத்தில முட்டுற கரையோரமாத்தான் போகவேணும். "நாய்க்கும் அங்கியோ, அதென்ன பள்ளிக்கூடமோ போகுது?" எண்டு நான் பகிடி விட்டன். ஆனால் போட்டோ எடுத்து அனுப்பாமல் அவள் விடமாட்டாள். அதாலை போட்டம். பாம்ஸவின்ர அங்கிக்கு முதுகில ஒரு கைபிடி இருக்கும்.

கரையோரம் மட்டும் எனக்குச் சரிவரேல்லை. அங்கை வீடுகள் இருக்கு, சத்தம் கேக்கும். அதாலை அண்டைக்கும் தள்ளிப் போனன். நல்ல வெயில். துடுப்பை மடியில வைச்சிட்டுப் பாடத் தொடங்கினன். பாடப்பாட உசார் ஏறி, வள்ளம் எண்டதையும் மறந்து, முழங்காலில நிமிர்ந்து இரண்டு கையையும் தூக்கிப்போட்டன். தன்னைக் கூப்பிடுறன் எண்டு நினைச்சோ என்னவோ பாம்ஸ பாய்ஞ்சுது. அவ்வளவுதான்.

அது நீந்தி என்னட்டை வந்துது. ஒரு கையால அந்தக் கைபிடியைப் பிடிச்சன், மற்றக் கையால கவிழ்ந்த கனோவைப் பிடிச்சன். கை விறைச்சுக்கொண்டு வருது. ஐயோ, பிள்ளையின்ர நாயை விட்டிடுவனோ எண்டு பயம். நாய் குலைக்கேல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. காது இரண்டையும் நிமிர்த்தி, என்ர தோளுக்குப் பின்னாலை பார்த்துக்கொண்டே இருந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தன். வெறும் தண்ணி.

பிறகு மோட்டர் போட் சத்தம். கரையில இருக்கிற இங்கர் எண்ட வயசான டெனிஷ் மனிசி. "மூச்சை ஊது, வெளியில ஊது" எண்டு சொல்லிச் சொல்லிக் கிட்ட வந்தா. கைபிடியில பிடிச்சு நாயைத் தூக்கிப் போட்டா, பிறகு என்னை இழுத்தெடுத்தா. இரண்டு உயிரும் தப்பிச்சுது. ஸ்தோத்திரம்.

உடம்பு தேறினவுடனை என்ர மனிசி செய்த கேக்கோட இங்கரின்ர வீட்டை போனன். "கூப்பிட்டது கேட்டுது, வந்தன்" எண்டா. எனக்குச் சத்தமே வரேல்லை எண்டன். அவ ஓமெண்டு தலையை ஆட்டினா. "உன்ர சத்தம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு சனியும் கேக்கிறன், அதுக்கு நான் எழும்பிறதில்லை. இது வேற ஒரு ஆம்பிளையின்ர குரல். பாசை விளங்கேல்லை. உன்னை ஏத்தினாப் பிறகு அந்த ஆளையும் தேடிச் சுத்திப் பார்த்தனான்."

கோப்பியைக் குடிக்கேலாமல் அப்பிடியே வைச்சிட்டன்.

மறைக்காமல் சொல்லுறன், சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட. இப்பவும் முகம் கழுவேக்க குளிர்த் தண்ணி பட்டால் மூச்சு நிண்டு வரும். கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால் பாம்ஸ அந்த இடத்தைப் பார்த்து, அதே மாதிரிக் காதை நிமிர்த்தும். இழுத்தாலும் வராது. நானும் பக்கத்தில நிக்கிறன். எனக்கு ஒண்டும் கேக்கிறதில்லை. கர்த்தர் அவ்வளவு கிட்ட வந்து நிண்டிருக்கிறார்.

இப்ப நான் கத்திறதில்லை. கொஞ்சம் சொல்லுவன், பிறகு வாயை மூடிக்கொண்டு இருப்பன். மேல்வீட்டுக்காரன் மனிசியிட்டை, இவருக்கு ஏதும் வருத்தமோ எண்டு கேட்டவனாம்.

உங்களுக்கும் வாய் வராத ஒரு நாள் வரும். ஆஸ்பத்திரிக் கட்டிலோ, செத்தவீடோ, ஆருக்குத் தெரியும். ஐயோ நான் ஜெபிக்கேல்லையே எண்டு அண்டைக்குக் கலங்காதேங்கோ. கையில இருக்கிறதை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு கிடவுங்கோ. உங்களுக்காகக் கூப்பிட ஒருத்தர் இருக்கிறார். இங்கர் கேட்டவ. என்ர நாய் பார்த்தது. நான்தான் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தனான்.