கூப்பிட்ட வாய்

சவாயித் தீவுக் கடலோரத்தில் லாங்கியின் வீட்டுக்குச் சுவரும் கிடையாது, அவள் வாய்க்குப் பூட்டும் கிடையாது. சாப்பிட உட்கார்ந்தால் தெருவில் போகிற யாரையும் விடமாட்டாள். "வாங்க, சாப்பிட்டுப் போகலாம்!" என்று ஒரு சத்தம் போடுவாள். "இருக்கட்டும், நல்லா சாப்பிடுங்க!" என்று சொல்லிவிட்டு அவர்கள் நடையைக் கட்டுவார்கள். ஊரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். கூப்பிட்டதற்காக ஒருத்தரும் உள்ளே வந்ததில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து புதிதாக வந்த பள்ளிக்கூட வாத்தியார் கிரெக் வந்துவிட்டான்! செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தும்விட்டான். இருந்ததோ மூன்று சேப்பங்கிழங்கும் ஒரு டின் மீனும்.

"நீங்க சாப்பிடலையாக்கா?"

"நாங்க அப்பவே சாப்பிட்டாச்சு வாத்தியாரே" என்றாள் லாங்கி, முகத்தில் சிரிப்பு மாறாமல். விருந்தாளி வைத்த மிச்சம்தான் வீட்டாருக்கு. அந்த மனுஷன் மிச்சமே வைக்கவில்லை. மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான்.

நாலாம் நாள் அவள் புருஷன் தாவாலே வேடிக்கையாகப் போட்டு உடைத்துவிட்டான். "வாத்தியாரே, மூணு நாளா எங்க மத்தியானச் சாப்பாடு உங்க வயித்துலதான் இருக்கு!"

கிரெக்குக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ சாப்பிட்டாச்சுன்னு சொன்னது பொய்யா? எதுக்குக்கா என்கிட்ட பொய் சொன்னீங்க?" என்று எழுந்து போனவன்தான். அப்புறம் அந்த வழியே வராமல், ஊர்த் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போனான்.

லாங்கிக்கு மனசே ஆறவில்லை. "நான் பொய்க்காரியாம்! சொல்லிட்டுப் போறான் பாரு!" பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவன் தன்னை அப்படி நினைத்துக்கொண்டு திரிவதை அவளால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நேராக அவன் வீட்டுக்கே போனாள். அவன் இரண்டு முட்டையும் இரண்டு துண்டு ரொட்டியுமாக அப்போதுதான் உட்கார்ந்திருந்தான். ஒரு வாய்கூட வைக்கவில்லை.

"சாப்பிடுறீங்களாக்கா?" என்றான். வேறென்ன கேட்பான், பாவம்.

ஊர் வழக்கப்படி வேண்டாம் என்றிருக்க வேண்டும். "ஓ, சாப்பிடுறேனே!" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நிதானமாகச் சாப்பிட்டாள். கடைசித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க சாப்பிடலையா வாத்தியாரே?"

"நான் அப்பவே சாப்பிட்டாச்சுக்கா."

சொல்லி வாய் மூடவில்லை, அவன் வயிறு கடமுடாவென்று உருண்டது. லாங்கி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடப் பொய்க்காரா!"

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எழுந்திரிங்க" என்றாள் லாங்கி. "வீட்டுல கிழங்கு வெந்திருக்கும். இன்னைக்கு மூணு அதிகமாப் போட்டிருக்கேன்."