ஒரே அண்டா

வாடகைக்குக் கேட்ட அண்டாவை வெயில் பக்கமாகச் சாய்த்து, தலையை உள்ளே விட்டு, எங்காவது ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் சாலமோன் வியாபாரம் பேசுவார். நாம் சொல்வது அவருக்குக் கேட்கும். அவர் சொல்வது நமக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வரும். "எதுக்கு சார்? வளைகாப்பா? அப்போ இது நக்கோ, வேண்டாம். இதுல சாதம் வச்சா வந்தவங்க எல்லாம் கம்மியா வந்த மாதிரி தெரியும். சின்னது தாரேன்."

என் மகள் வளைகாப்புக்குப் பாத்திரம் எடுக்கப் போன அன்று அறிமுகமானவர். இந்தத் தெலுங்கு ஊரின் மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவரை ஒட்டி அவருடைய எஸ்.எஸ். டென்ட் ஹவுஸ். வாசலில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், மடித்த ஷாமியானா, அதன் மேல் எப்போதும் ஒரு பூனை. பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். வீட்டுத் தமிழை விடவில்லை. இந்த ஊர் உருதுப் பேச்சையும் விடவில்லை. "கைக்கு சார் கவலப்படுதியோ?" என்று, ஏன் என்பதற்கு உருதுவும் மீதிக்குத் திருநெல்வேலியுமாக, ஒரே மூச்சில் இரண்டு ஊரையும் பேசிவிடுவார்.

எஸ்.எஸ். என்றால் என்ன என்று கேட்டேன். "சாலமோன் சவரிமுத்து. ரெண்டும் நான்தான்" என்றார். அப்பா சி.எஸ்.ஐ., அம்மா ஆர்.சி. பிள்ளை பிறந்ததும் மாமன்மார் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் கோயிலில் சவரிமுத்து என்று தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். சேதி தெரிந்த அப்பா வீட்டார் விடுவார்களா? அடுத்த மாதமே தங்கள் கோயிலில் சாலமோன். வளர்ந்து கல்யாணமாயிற்று. மனைவி ஹெப்சி பெந்தெகொஸ்தே. குழந்தையில் கொடுத்த ஞானஸ்நானமெல்லாம் கணக்கில் சேராது என்று அவர்கள் பாஸ்டர் சொல்லிவிட, ஷாமீர்பேட்டை ஏரியில் முழுசாக முங்கி எழுந்தார். "மூணு தடவ நனஞ்சாச்சு சார். இன்னும் காயல."

எல்லாச் சபைக்கும் அவர்தான் டென்ட் ஹவுஸ். அதனால் ஒவ்வொரு சபையையும் நாற்காலியை வைத்தே சொல்லிவிடுவார். "ஆர்.சி.காரவ சேர் நெறைய கேப்பாவ. ஆனா பாதி நேரம் முழங்கால், மீதி நேரம் நிக்கது. சேர் புதுசாவே திரும்பி வரும். எங்க அப்பா கோயில்ல சேர நூல் புடிச்சுப் போடணும். முன்வரிசைல கமிட்டிக்குக் குஷன் வச்சது. ஹெப்சி சபைக்குச் சேரே வேண்டாம். ஜமுக்காளமும் பெரிய ஸ்பீக்கரும் போதும்."

வணக்கம் சொல்வதிலும் ஆளுக்கேற்ற முறை உண்டு. சி.எஸ்.ஐ. குருவானவரை 'ஐயர்' என்பார்கள்; அவருக்கு "ஸ்தோத்திரம் ஐயா." ஃபாதருக்கு "இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க." பாஸ்டருக்கு "ப்ரைஸ் த லார்ட்." எனக்கு நமஸ்காரம். ஒரு நாள் மூன்று ஆர்டரும் சேர்ந்து வந்த குழப்பத்தில் பாஸ்டரைப் பார்த்து "மரியே வாழ்க" என்று சொல்லிவிட்டார். பாஸ்டர் ஆர்டரைச் சொல்லாமலே திரும்பிப் போனார். அந்த வாரம் வீட்டில் ஹெப்சி வைத்தது ரசம் மட்டும்தான்.

இப்படிச் சிரித்துப் பேசுகிறவர் பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் மட்டும் முகம் வாடிவிடுவார். அன்று உபவாசம். ஆராதனை முடிந்ததும் கஞ்சி குடிப்பது தெற்கத்திய வழக்கம். இங்கேயும் விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஹெப்சி சபையில் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். சி.எஸ்.ஐ.யில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை தியானம். ஆர்.சி.யில் மூன்று மணிக்குத்தான் ஆரம்பமே. சிறு வயதில் அப்பாவோடு கோயிலுக்குப் போய் வந்து, அப்பாவோடு உட்கார்ந்து சுடச்சுடக் குடித்துவிடுவாராம். அம்மா பொழுது சாயத் திரும்புவாள். "அடுப்படியில தனியா உக்காந்து ஆறின கஞ்சியக் குடிப்பா சார். நானும் அவகூட உக்காந்து இன்னொரு தடவ குடிப்பேன். வயிறு ரொம்பும். மனசு ரொம்பாது." இதைச் சொல்லும்போது அவர் எந்தப் பாத்திரத்துக்குள்ளும் தலையை விடவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வருஷா வருஷம் மூன்று சபைக்கும் மூன்று அண்டா கொடுத்துவந்தவர், போன வருஷம் மறுத்துவிட்டார். அண்டா ஒன்றுதான் தருவாராம். கஞ்சியையும் அவரே காய்ச்சுவாராம். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லோரும் ரயில்வே கம்யூனிட்டி ஹாலுக்கு வந்து ஒன்றாக உட்கார்ந்து குடிக்க வேண்டுமாம். ஃபாதர் சிரித்துக்கொண்டே சரி என்றார். ஐயர் கமிட்டியில் வைத்து ஒப்புதல் வாங்கினார். பாஸ்டர் மட்டும், "சேர்ந்து ஆராதன நடத்தணும்னு சொல்லலியே?" என்று கேட்டார்.

"இல்ல பாஸ்டர். கஞ்சிதான்."

"கஞ்சின்னா வாரோம்."

பெரிய வெள்ளியன்று எனக்கு ஆபீஸ் விடுமுறை. பூண்டு உரிக்க என்னையும் ஹாலில் உட்கார வைத்துவிட்டார். ஏப்ரல் வெயில், பக்கத்தில் விறகடுப்பு. பச்சரிசி, பாசிப்பயறு, வெந்தயம், தேங்காய்ப்பால். கஞ்சி இறுகினால் ஊற்ற இன்னொரு அடுப்பில் வெந்நீர். தொட்டுக்கொள்ளப் பருப்புத் துவையலும், தெலுங்கு தேசத்துக்கு மரியாதையாகக் கோங்குரா என்ற புளிச்சக்கீரை ஊறுகாயும். ஹெப்சி தேங்காய் துருவினார். மூன்று மணிக்குள் கஞ்சி தயார். சாலமோன் தட்டு போட்டு மூடி, அதன் மேல் ஒரு செங்கல்லையும் வைத்தார்.

மனுஷன் எல்லாவற்றையும் யோசித்தார். பசியை மட்டும் யோசிக்கவில்லை. மூன்றரைக்கு சி.எஸ்.ஐ. ஜனம் வந்துவிட்டது. ஐயர் ஒரு நோயாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். முன்னால் வந்தவர் கமிட்டி டேனியல். ரிட்டயர்டு கார்டு. ரயிலைக் கொடி காட்டி அனுப்பிய கை, சும்மா பேசும்போதும் மேலே போகும்.

"தம்பி, தட்ட எடு."

"அஞ்சு மணி அண்ணாச்சி. பேசினதுதானே?"

"கமிட்டியில பேசினப்போ சாப்பிட்டுட்டுப் பேசினோம். இப்போ ராத்திரிலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படல. சுகர்காரவ இருக்காவ, மயங்கி விழுந்தா நீ பொறுப்பா?"

அதற்குச் சாலமோனிடம் பதில் இருந்தது. மேஜைக்கடியிலிருந்து உஸ்மானியா பிஸ்கட் டப்பாவை எடுத்து நீட்டினார். "சுகர்காரவளுக்கு மட்டும் அண்ணாச்சி." உடனே பலருக்குச் சுகர் வந்துவிட்டது. டேனியல் சிரிக்கவில்லை.

"எங்க பங்க எங்களுக்கு ஊத்து. அவங்க பங்கு அவங்களுக்கு இருக்கட்டும். இதுல என்ன குறஞ்சுபோச்சு?"

"ஊத்திருவேன் அண்ணாச்சி. அவங்க வாரப்போ நீங்க எந்திரிச்சுப் போயிருப்பீங்க. வருஷா வருஷம் நடக்கதுதானே அது?" செங்கல்லை நடுவில் நகர்த்தி வைத்தார். "ஆர்.சி.காரவ இன்னும் முழங்கால்ல நிக்காவ அண்ணாச்சி."

"எத்தன நேரம் நிப்பாங்கன்னு நானே போயிக் கேக்கேன்." டேனியல் கையை வீசிக்கொண்டு வெளியேறினார். அவர் பின்னால் ஒரு கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடையைக் கட்டியது. ஹெப்சி சபையார் பாஸ்டரோடு வந்து சுவரோரம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார்கள். ஹாலில் பாதி காலி.

ஐந்து அடித்தது. ஆர்.சி.யிலிருந்து ஒருவரும் வரவில்லை. சாலமோன் அண்டாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "பேராசப்பட்டுட்டேன் சார்" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். மூன்று அண்டாவும் கொடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியுமா? பூண்டுத் தோலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போது டேனியல் திரும்பி வந்தார். அவர் பின்னால், வீட்டுக்குப் போனவர்களில் முக்கால்வாசிப் பேர். எல்லோரையும் வழியில் வாசல் வாசலாக நின்று கூப்பிட்டு வந்திருக்கிறார். சண்டைக்குத்தான் ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறார் என்று நான் எழுந்து நின்றேன்.

டேனியல் நேரே அடுப்பண்டை போனார். கால்மாட்டில் கிடந்த கம்பியால் ஒரு கொள்ளியை வெளியே இழுத்தார்.

"தீயக் கொறைடே, அடிப்பிடிச்சிரும். இன்னும் நேரமாவும். சிலுவைய முத்தி செய்ய, அதான் முத்தங் குடுக்க, வரிசையில நிக்காவ. கம்பூன்றின கெழவியெல்லாம் நிக்காவ. நான் கடைசி பெஞ்சுல உக்காந்து பாத்தேன்." கொள்ளியைத் தரையில் தட்டி அணைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அவங்களும் பட்டினிதாம்ல."

சாலமோன் எழுந்து தட்டைத் திறந்து வெந்நீரைக் கஞ்சியில் ஊற்றிக் கிண்டினார். ஹெப்சி கரண்டியை வாங்கித் தானே கிண்டி முடித்து, தட்டை மூடிச் செங்கல்லைத் திரும்ப வைத்தார். பாஸ்டர் ஜமுக்காளத்தின் சுருட்டிய பக்கத்தையும் விரித்து, "இப்படி வந்து உக்காருங்க ஐயா, வெறுந்தரையில வேண்டாம்" என்று டேனியலைக் கூப்பிட்டார். டேனியலும் போய் உட்கார்ந்துவிட்டார். அவரோடு வந்தவர்கள் இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பசிக் கிறக்கத்தில் யார் பக்கத்தில் யார் என்று பார்க்க ஒருவருக்கும் தெம்பில்லை.

இருட்டத் தொடங்கும்போது ஆர்.சி. ஜனம் வாசலில் தெரிந்தது. கையில் செபமாலையோடு ஓசையில்லாமல் வந்தார்கள். ஃபாதர் வெறுங்காலோடு வந்தார். உள்ளே இத்தனை பேர் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். ஒரு வயதான அம்மாள் மட்டும் நிற்காமல் உள்ளே வந்து, "எங்களுக்காகவா இருந்தீய?" என்று டேனியலைக் கேட்டாள். டேனியல் நகர்ந்து இடம் விட்டார்.

சாலமோன் செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தார். தட்டைத் தூக்கினார். இத்தனை நேரம் அடைபட்டிருந்த ஆவி குப்பென்று எழும்பி அவர் மூக்குக்கண்ணாடி முழுக்கப் படிந்தது. துடைத்துக்கொள்ளட்டும் என்று என் கைக்குட்டையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கரண்டியை எடுத்தார்; வெள்ளையாய்ப் பூத்த கண்ணாடியோடு, முன்னால் எந்தத் தட்டு நீண்டதோ அதில் ஊற்ற ஆரம்பித்தார்.