தெற்கே பார்த்த வீடு

லோக்தாக் ஏரியில் மிதக்கும் புல்திட்டுகளின் மேல் குடிசை போட்டு வாழ்கிறவர்கள் வீட்டுக்கு ஒரே ஒரு கயிறுதான் கட்டுவார்கள். காற்று எப்படி அடிக்கிறதோ வீடும் அப்படித் திரும்பிக்கொள்ளும். காலையில் மலையைப் பார்த்த வாசல் மாலையில் சந்தைக் கரையைப் பார்க்கும். மொய்ராங்தெம் இபோயைமா அப்படியொரு வீட்டில் பிறந்து, மீன் பிடித்து, கல்யாணமும் கட்டி ஐம்பதைத் தாண்டியவர். வாய் மட்டும் அக்கரை வரை நீளம்.

மீன் குறைந்ததும் பின்னறையைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டார். வந்தவர்கள் கருவாடு போட்டு மசித்த இரோம்பாவை ருசித்தார்கள், படம் எடுத்தார்கள், பொழுது சாய்ந்ததும் கைபேசிக்குச் சார்ஜ் இல்லையென்று கரையேறிவிட்டார்கள். இந்தத் தொழிலும் படுத்தால் கரையில் போய்க் கூலி வேலைதான். அசையாத தரையிலோ அவருக்குத் தூக்கமே வராது.

ஆகவே, ஏரிக்குச் சூரிய மின்சாரம் தோதுப்படுமா என்று ஆராய இம்பாலிலிருந்து ஒரு குழு வந்தபோது, "என் வீட்டுல வைங்க" என்று முதல் ஆளாய் நின்றார். பொறியாளர் ஜாய்தேவ் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, கூரையில் சோலார் தகட்டை வெயில் நன்றாக விழத் தெற்கே சாய்த்துப் பூட்டிவிட்டுப் போனார். அன்று மாலையே தகடு வடக்கே பார்த்தது. காற்று யாரைக் கேட்டு அடிக்கிறது?

மறுமுறை வந்த ஜாய்தேவ் தலையில் கைவைத்தார். "வீடு இப்படிச் சுத்துனா நான் எப்படிங்க கணக்கெடுக்கறது? அடுத்த வாரம் பெரிய அதிகாரி வர்றாரு. தெக்கப் பாத்து நிக்கலைன்னா தகட்டைக் கழட்டிடுவோம்."

"இவ்வளவுதானே சார்? நாலு மூலையிலயும் மூங்கில் அடிச்சு இறுக்கிக் கட்டிடறேன்."

மனைவி பிமோலா குறுக்கே வந்தாள். "ஏரியில வீட்ட இறுக்கிக் கட்டுனவன் எவன்யா பொழைச்சான்? தண்ணி ஏறுனா?"

"உனக்கு அறிவியல் தெரியாது, சும்மா இரு." அவருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

படகில் போன பக்கத்து வீட்டுக்காரன் விடுவானா? "என்னண்ணே, வீட்டுக்குக் கால்கட்டா? எவகூட ஓடப் பாத்துச்சு?"

மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஜாய்தேவோடு அதிகாரி வந்த காலையில் ஏரி உயர்ந்தது. கட்டிப்போட்ட திட்டு உயரவில்லை. அதிகாரி கூரையைப் பார்த்து, "அருமை, சரியான தெற்கு" என்று சொல்லி முடிப்பதற்குள் தரையில் தண்ணீர் ஊறி அவருடைய ஷூவை நனைத்தது. பிறகு கணுக்காலுக்கு வந்தது. அடுப்பு அணைந்து, பாய்கள் மிதந்தன. பிமோலா மீன் கத்தியை எடுத்தாள்.

இபோயைமா ஓடிப்போய்க் கயிற்றைப் பற்றிக்கொண்டார். "வெட்டாதடி! தெக்கு போயிடும்!"

"வீடே போனா தெக்க எங்க வச்சுக் கும்புடுவ?"

நாலு மூலைக் கயிற்றையும் வெட்டினாள். வீடு குலுங்கி எழும்பி, விட்டதடா சனியன் என்று சுழன்றது. அதிகாரி ஜாய்தேவின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

இபோயைமாவுக்கு அழுகை முட்டியது. தகடு போகும், விருந்தாளி போவான், அப்புறம் கரைதான் கதி. கடைசியாக ஒருமுறை கெஞ்சிப் பார்த்தார். "சார், கொஞ்சம் பொறுங்க. காத்து மாறுனா தெக்கு தானா வந்துடும் சார்!"

"தெக்கு கெடக்கட்டும்யா," என்று அலறினார் அதிகாரி. "கரை எந்தப் பக்கம்?"