காளான் பாறையில் ஏழாவது கொடி

“டோர்கெல், ஏழாவது கொடி எங்க?”

“கட்டிட்டேனே. பெரிய பாறைகிட்ட.”

“எந்தப் பெரிய பாறை?”

“மஞ்சக் காளான் முளைக்குமே, அந்தப் பாறை.”

“நான் மேப்புல வட்டம் போட்டது சேத்து நிலத்துக்கு அந்தப் பக்கம் இருக்குற பாறை. கொடி கட்டக் கூடையோடதான் போனியா?”

“வழியில கண்ணுல பட்டுச்சு. விட்டுட்டு வரச் சொல்றியா?”

போட்டிக்கு ஓடியவர்கள் ஒவ்வொருவராகக் கையை விரித்துக்கொண்டு திரும்பியபோது சோல்வெய்க் இப்படி விசாரித்தார். வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக் காட்டுக்குள் கொடிகளைத் தேடி ஓடும் போட்டி அது. ஒரு கொடி இடம் மாறினாலும் அந்தத் தடமே செல்லாது.

சோல்வெய்க் பேருந்து ஓட்டுகிறார். மிச்ச நேரமெல்லாம், ஸ்வீடனின் ஸ்மோலாந்துப் பகுதியில் இந்தப் போட்டியை நடத்தும் எங்கள் சின்னச் சங்கத்துக்குத்தான். கோடை முழுவதும் காட்டில் நடந்து நடந்து அந்தத் தடத்தை வகுத்திருந்தார். போட்டி நாளுக்கு இலவங்கப்பட்டை பன் சுட ஆள் கேட்டால் பாதி ஊர் கை தூக்கும். விடியற்காலையில் கொடி கட்ட டோர்கெல் ஒருவர்தான் வருவார். அதனால் அவரை ஓரளவுக்கு மேல் திட்டவும் முடியாது.

ஏழாவது கொடி இருந்த நெடுந்தடம் ரத்து என்று சோல்வெய்க்கே ஒலிபெருக்கியில் அறிவித்தார். கூட்டம் முணுமுணுத்தது. டோர்கெல் காளானை வெண்ணெயில் வதக்கி எல்லோருக்கும் நீட்டினார். சோல்வெய்க்கும் வாங்கிச் சாப்பிட்டார். நான் வேண்டாம் என்றேன். சோல்வெய்க் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உனக்குக் காளான் பிடிக்காதா?”

“பிடிக்காது.”

“அப்போ அடுத்த வருஷம் கொடி கட்ட நீ போறியாம்மா?”