பால் பவுடரும் பாஸ்பேட்டும்

குறிஞ்சிப்பாடியிலிருந்து தினமும் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் வருவார் கொளஞ்சியப்பன். அங்கே ஓர் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் டெக்னீசியன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவர். ஈரல், தசை என்று வருவதிலிருந்து புரதங்களைப் பிரித்து மெல்லிய வெள்ளைத் தாளுக்கு மாற்றும் வேலையைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். தேடும் புரதத்தை ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும்; பிடித்த இடம் தாளோடு ஒட்டிவைக்கும் எக்ஸ்ரே பிலிமில் கறுப்புக் கோடாக விழும். ஆனால் அது தாளின் வெற்றிடத்திலும் ஒட்டிக்கொண்டால் படம் அழுக்காகிவிடும். அதனால் முதலில் தாளைப் பால் பவுடர் கரைசலில் ஊறவைப்பார்; வெற்றிடத்தைப் பால் புரதம் அடைத்துக்கொள்ளும். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். இவர் கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டியும் ஊற்றுவார். இவர் எடுத்த படத்தில் கோடு மட்டும் இருக்கும், கறை இருக்காது.

2010இல் ஆராய்ச்சி மாணவி ஸ்ரீமதி கொண்டுவந்த வேலை வேறு மாதிரி. புரதம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. அதன்மேல் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று கேட்டாள்; பாஸ்பேட்டைப் பிடிக்கும் தனி ஆன்டிபாடியும் கொண்டுவந்திருந்தாள். செல்லுக்குள் அது ஏறும், வேலை முடிந்ததும் இறங்கும். மருந்து கொடுத்த எலிகளின் ஈரலில் அது ஏறியிருந்தால்தான் அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் நிற்கும். மின்வெட்டில் ஃப்ரீசர் நின்று மாதிரிகள் பெரும்பாலும் கெட்டுவிட்டன. ஒரு தடவைக்கு மட்டும் மிச்சம். புதிதாக எலி வாங்க நாள் இல்லை.

"இது போனா அவ்ளோதாண்ணே."

"எங்கம்மா போவுது? நான்தான பண்றேன்."

பிலிமைக் கழுவி இருட்டறைக்கு வெளியே கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்தார். ஓரத்திலிருந்து ஓரம் வரை கறுப்பு. கோட்டைத் தேடக்கூட இடமில்லை. திருப்பிப் பிடித்துப் பார்த்தார். அதுவும் கறுப்புதான்.

ஸ்ரீமதி புதுச்சேரியில் இதே வேலை செய்யும் தோழி வெண்மதிக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எதுலடி ஊற வெச்சீங்க?"

"பால் பவுடர்லதான்."

"பால் புரதம் மேல பூரா பாஸ்பேட்டுடி. ஆன்டிபாடி அதத்தான் போய்ப் புடிச்சிருக்கும்."

கொளஞ்சியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடம் படத்தைச் சுத்தமாக வைத்திருந்தது அந்தப் பால்தான்.

"நான் டீக்கடைக்கே போயிருக்கலாம்மா."

"நல்லா கலக்குங்கண்ணேன்னு பக்கத்துல நின்னு சொன்னவ நான்."

ஒட்டிய ஆன்டிபாடியைக் கழற்றித் தாளைக் கழுவினார்கள். இந்த முறை மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த, பாஸ்பேட் இல்லாத புரதத்தில் ஊறவைத்தார்கள். பிலிமில் சாம்பல் நிறப் புகைதான் விழுந்தது. மருந்து கொடுத்த எலி எது, கொடுக்காதது எது என்று பிரிக்க முடியவில்லை. அந்த அத்தியாயத்தை எடுத்துவிடும்படி ஸ்ரீமதியின் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

கொளஞ்சியப்பன் பிலிமைக் கீழே வைக்கவில்லை.

"ஏறியிருந்துச்சா இல்லையாம்மா?"

"தெரியலண்ணே. இனிமே தெரியாது."