ஸ்கூட்டரிடம் சொன்னது

பக்கத்து வீட்டுக்காரருக்கும் எனக்கும் இடையில் இருந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். பகை என்றால் யானை, குதிரையெல்லாம் வேண்டும். என்னிடம் இருந்தது ஒரு பழைய ஸ்கூட்டர். விரோதம் என்றால் கோர்ட் வாசல் நினைவுக்கு வருகிறது. வன்மம் வைக்க ஞாபகசக்தி வேண்டும், எனக்குச் சாவியை வைத்த இடமே நினைவிருக்காது. மனஸ்தாபம் என்பது கல்யாணப் பத்திரிகையோடு தாம்பூலத்தட்டு வந்தால் தீர்ந்துவிடுகிற சங்கதி. என் மனைவிதான் சரியாகச் சொன்னாள்: "ரெண்டு பேருக்கும் ஆவாது." அவ்வளவுதான். பாலும் புளியும் மாதிரி.

ஒரு காலத்தில் நன்றாகவே ஆனது. ஆவடியில் ஒரே தொழிற்சாலை, குவார்ட்டர்ஸில் எதிரெதிர் வீடு. அவர் நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கர், என்னைவிட மூத்தவர், எனக்கு அண்ணாத்தே. சேர்ந்தேதான் அயனம்பாக்கத்தில் ஒட்டி ஒட்டி மனை வாங்கினோம். நான் முதலில் கட்டினேன். ஏரி நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர் நின்ற ஒரு மழைக்குப் பிறகு அவர் கட்டினார். லாரி லாரியாக இடித்த கட்டடத்து ரப்பீஸ் கொட்டி, மனையை இடுப்பளவு உயர்த்திவிட்டுக் கட்டினார். அடுத்த மழையில் அவர் வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து என் கூடத்துக்கு வந்தது. அன்றைக்கு நான் பேசியதும் அவர் பேசியதும் எழுதத் தக்கவை அல்ல. அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றால் ஜாடை தொடங்கும். அவர் தன் நாயிடம் பேசுவார், நான் ஸ்கூட்டரிடம். அதற்கென்று ஒரு முறை உண்டு. "சில பேரு இருக்காங்க" என்று ஆரம்பித்துவிட்டுத்தான் எதையும் சொல்ல வேண்டும். "சில பேரு இருக்காங்கலே, மோட்டரப் போட்டுட்டு ஒறங்கிருவாங்க" என்பார் அவர் நாயிடம். "சில பேரு கீறாங்க, நாய்க்கு வைக்கிற சோத்துல பாதியத் தானே துன்னுடுவாங்க" என்பேன் நான் ஸ்கூட்டரைத் துடைத்தபடி. நாய் வாலாட்டும். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க ஆள் இருந்தால் நான் நிறுத்தமாட்டேன். அதுதான் என் வியாதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் மனைவி சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தார். இவர் மேல்படியில் உட்கார்ந்து, நாயின் தலையில் கை வைத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்:

"ஏலே, நெஞ்சுக்குள்ள என்னமோ பிசையுதுடே. ஒரு வண்டி கிடைச்சா தேவல."

நான் ஸ்கூட்டரின் சீட்டைத் தட்டினேன். "கேட்டுக்கினியா? ஊட்ட அம்மாம் ஒசரத்துல கட்டினா, படியேறச் சொல்லோ மூச்சு வாங்கத்தான் செய்யும்."

நல்ல அடி என்று எனக்கே தோன்றியது. உள்ளே போய்க் காப்பியை வாங்கிக்கொண்டு, நடந்ததை மனைவியிடம் நடித்தும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, அவரு 'சில பேரு'ன்னு ஆரம்பிச்சாரா?"

டம்ளரைக் கீழே வைத்தேன். ஆரம்பிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் முதல்முறையாக என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். நேராகக் கேட்க வாய் வராமல், எங்களுக்கு இருந்த ஒரே வழியில் கேட்டிருக்கிறார். நான் பதிலுக்கு ஜோக் அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் காட்டிய வீரத்தைச் சொல்ல வேண்டும். சட்டை தேடி ஓடினேன். சாவி தேடினேன். அது கையிலேயே இருந்தது. ஸ்கூட்டரை உதைத்தேன், அது அன்றைக்கு எனக்குப் பதிலே சொல்லவில்லை. நான் உதைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மனைவி தெருமுனைக்கு ஓடி ஓர் ஆட்டோவையே கூட்டிவந்துவிட்டாள். "வண்டிய உடுங்க, ஆள புடிங்க" என்று கத்தினாள்.

சண்டைக்குப் பிறகு அந்தப் படிகளில் நான் ஏறியது அதுதான் முதல்முறை. அவர் சட்டை முழுக்க வியர்வையில் நனைந்திருந்தது. அண்ணாத்தே என்று கூப்பிட நினைத்தேன். வாய் வரவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். மேலிருந்து பார்க்க என் வீடு ஒரு தொட்டி மாதிரி பள்ளத்தில் தெரிந்தது.

ஆட்டோவில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நாயும் இல்லை, ஸ்கூட்டரும் இல்லை. கொஞ்ச தூரம் போனதும் டிரைவரின் முதுகைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, பக்கத்துல இருக்கவன் சட்டைய உள்பக்கம் வெளியாப் போட்டிருக்கான். சொல்லு."

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். "இன்னா நைனா, ரெண்டு பேரும் ஒட்டிக்கினுதான குந்தினுகீறீங்க?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுகையா ஜோக்கா, எது வரும் என்று எனக்கே தெரியவில்லை.

அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து, உள்ளே குழாய் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். எனக்கு அது பொதுவாகக் கேட்கவில்லை. அந்தக் கொஞ்சம் ஒரு டம்ளர் காப்பி.

அவர் வீடு திரும்பிய வாரம், அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, ஒரு டப்பா முந்திரிக்கொத்தோடு வந்தார். "கூப்பிட்ட கொரலுக்கு ஓடி வந்தீயளாமே. அவுக சொல்லிச் சொல்லி மாளல."

நான் டப்பாவை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டினேன். என் மனைவி ஒன்றை எடுத்து, என்னையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கடித்தாள். ஓடி வந்தானாம். நான் சொன்னது அவர் காதில் விழவில்லையா, விழுந்தும் அப்படிச் சொல்கிறாரா? எது மோசம் என்று சில நாள் தூக்கம் போனது.

கடைசியில் தாங்கவில்லை. அவர் மேல்படியில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில், துடைக்கிற துணியோடு போய் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன்.

"சில பேரு கீறாங்க," என்றேன். "ஒரு மனுசன் நெஞ்சு வலிக்குதுன்னாகூட, கேலி பேசிட்டு காப்பி குடிக்கப் போவாங்க."

அவர் நாயின் காதைச் சொறிந்தார்.

"ஏலே, அது எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு. மூச்சு வாங்குறதச் சொன்னான் பாரு, நல்லாத்தாம்லே இருந்துச்சு. சிரிச்சுத் தொலைச்சேன். அதுலதான் வலி கூடிட்டு."

நாய் என்னைப் பார்த்தது. ஏற்கெனவே துடைத்த கண்ணாடியையே நான் மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தேன்.